லைவ் ராக்கோடு வந்த புழு: விடலாமா, எடுக்கணுமா?

நீலத்தொட்டி:
வணக்கம். சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் 2 அடி ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டி), சுமார் 100 லிட்டர், நாலு மாசமா ஓடுது. லைவ் ராக், அதாவது பாக்டீரியாவும் சின்ன உயிர்களும் குடியிருக்கிற கடல்பாறை போட்டிருக்கேன். ரெண்டு கோமாளி மீன், கொஞ்சம் ஸோவாந்தஸ், ஒரு ஹேமர் (ரெண்டும் பவளம்), ரெண்டு டர்போ நத்தை. உப்புநீர் ஒப்படர்த்தி 1.025, சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) 26 டிகிரியில். லைட் அணைஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு டார்ச் அடிச்சா, பாறை இடுக்கில் ஏழெட்டு இளஞ்சிவப்புப் புழு தலை நீட்டுது. விரல் நீளம், ரெண்டு பக்கமும் வெள்ளை முடி. கண்ணாடியில் கடுகளவு வெள்ளைச் சுருள் வேற. பாறையை நன்னீரில் ஊறப்போடச் சொல்றாங்க கடையில். போடலாமா?

சம்ப்வாசி:
போடாதீங்க. புழுவோடு சேர்ந்து பாறையில் இருக்கிற பாக்டீரியாவும் சாகும். உள்ளே செத்த புழு வெளியே வராது, அங்கேயே அழுகும், அமோனியா ஏறும். 100 லிட்டர் அதைத் தாங்காது.

நீங்க சொல்ற இளஞ்சிவப்புப் புழு சாதாரண பிரிஸில் வார்ம் (முடிப்புழு). மீன் விட்ட தீனி, கழிவு, செத்த நத்தை, இதெல்லாம் நம்ம கை எட்டாத பொந்துக்குள் போய்த் தின்னுட்டு வரும். சம்பளம் கேட்காத வேலையாள். செத்த நத்தைமேல் புழு மொய்ச்சா, கொன்னதே புழுதான்னு பழி போடுறாங்க. பெரும்பாலும் செத்த பிறகு கூடின கூட்டம் அது. கண்ணாடியில் இருக்கிற சுருள் ஸ்பைரார்பிட் குழாய்ப்புழு, தண்ணீரை வடிகட்டித் தின்னும். உறுத்தினா காலாவதியான ஈஸிலிங்க் பயண அட்டையால் சுரண்டிடுங்க.

கவலைப்பட வேண்டிய ஆள் யாருன்னு தலையைப் பார்த்தா தெரியும். அஞ்சு உணர்கொம்பு, வானவில் மாதிரி மினுக்குற உடம்பு, வெளிச்சம் பட்டதும் ரப்பர் பேண்டு போலச் சடக்குன்னு உள்ளே போறது: இது யூனிசிட் வகை. மீனையே பிடிச்சுத் தின்னும் பாபிட் புழு இந்தக் குடும்பம்தான். அதே மாதிரி, முடி தெரியாத மெல்லிய ஆரஞ்சுப் புழு, கோழைப் படலம் விட்டுக்கிட்டு நத்தை, சிப்பி பக்கமே சுத்தினா, உடனே எடுங்க. பவளம் தின்னும் தாடி நெருப்புப்புழு அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் ஆள். இந்தப் பக்கத்துப் பாறையில் வர வாய்ப்பு குறைவு.

உவர்நீர்:
ஏழெட்டு இருந்தா விடுங்க. எழுபது எண்பதுன்னு ஏறினா தீனி அதிகம்னு அர்த்தம். முதல்ல அதைக் குறைங்க, புழு தானா குறையும். அப்பவும் எண்ணிக்கையைக் குறைக்கணும்னா பொறி வைக்கலாம். மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் குப்பி, மூடியில் 4 மி.மீ. ஓட்டை ரெண்டு மூணு, உள்ளே ஈரச்சந்தை இறால் சுண்டுவிரல் நக அளவு, மூழ்கறதுக்கு ஒரு கல். லைட் அணைஞ்சதும் பாறை அடியில் படுக்க வைங்க, ரெண்டு மணி நேரத்தில் எடுங்க. விடியும்வரை விட்டா இறால் கெட்டு, எடுக்க வந்த புழுவைவிடப் பெரிய தலைவலி ஆகும். ஓட்டை பெருசா இருந்தா நத்தையும் உள்ளே போய் மாட்டிக்கும்.

கையால் தொடாதீங்க. நீளமான இடுக்கியால் மெதுவா இழுங்க. அவசரப்பட்டா அறுந்துடும், உள்ளே நிக்கிற பாதி மறுபடி வளரும். முடி குத்தினா தேய்க்காம செலோடேப் ஒட்டி உரிங்க, மிச்சத்துக்கு வினிகர். புழுவைத் தின்ன சிக்ஸ்லைன் ராஸ் மீன் வாங்கச் சொல்வாங்க. 2 அடி டேங்கில் அது பெரிய ரவுடி, அப்புறம் வேற சின்ன மீன் எதையும் விட முடியாது.

நீலத்தொட்டி:
ரொம்ப நன்றி. இன்னொண்ணு: ஹேமர் தண்டில் துரு நிறத்தில் தட்டையா 4 மி.மீ. புள்ளிகள், பின்பக்கம் மூணு நுனி, நகருது. இதுவும் அந்தக் கூட்டம்தானா?

சம்ப்வாசி:
இல்லைங்க, இதை விட்டு வைக்கக் கூடாது. அது தட்டைப்புழு, ரெட் பிளானேரியான்னு சொல்வாங்க. பவளத்தைத் தின்னாது, ஆனா மேல படர்ந்து வெளிச்சத்தை மறைக்கும், வேகமாப் பெருகும். ஆபத்து சாகும்போதுதான்: மொத்தமாச் செத்தா உடம்பில் இருக்கிற நச்சு தண்ணீரில் கலந்து மீனையே கவிழ்க்கும். அதனால மருந்தைக் கடைசியில் வைங்க.

முதல்ல மெல்லிய ஏர்லைன் குழாயால் உறிஞ்சி ஃபில்டர் சாக்கில் (வடிகட்டும் துணிப்பை) விடுங்க, நாளுக்கு ஒரு தடவை, ஒரு வாரம். கண்ணுக்குத் தெரியறது அரிதானதும் ஃப்ளாட்வார்ம் எக்ஸிட் மாதிரி மருந்து, லேபிள் அளவுப்படி. பாறை இடத்தைக் கழிச்சா உங்க தண்ணீர் 100 லிட்டர் வராது, கணக்கில் பிழை விடாதீங்க. மருந்து போடும் முன்னாடியே 30 லிட்டர் உப்புத்தண்ணீர் கலந்து, சூடும் சரிபார்த்து வைங்க. நச்சை உறிஞ்சப் புதுக் கார்பனும் கைவசம் இருக்கணும். புழு சுருண்டு மிதக்க ஆரம்பிச்சதும் உறிஞ்சிக்கிட்டே இருங்க, மீன் மூச்சு வாங்கினா உடனே தண்ணீர் மாத்தி கார்பன் போடுங்க. நம்ம குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருக்கு, ஆர்ஓ டிஐ வடிகட்டியில் சுத்திகரிச்ச தண்ணீர்தான் சரி.

உவர்நீர்:
அடுத்து வாங்குற பவளத்தை அது உட்கார்ந்திருக்கிற பிளக்கோட (ஒட்டி விக்கிற சின்ன அடிவட்டு) போடாதீங்க, புழு முட்டை அங்கே ஒட்டியிருக்கலாம். டிப் மருந்து (பவளத்தை முக்கி எடுக்கும் கரைசல்) புழுவைக் கழட்டும், முட்டையைத் தொடாது. அக்ரோபோராவா (கிளைவிடும் கல்பவளம்) இருந்தா தனித் தொட்டியில் வைச்சு வாரம் ஒரு தடவை, குறைஞ்சது நாலு வாரம் டிப் பண்ணிட்டு உள்ளே விடுங்க.