298 பேர்தான் இருக்கிறார்கள்

குழு: அம்பாசமுத்திரம் வீடு
புதன்கிழமை

மாலதி (சிங்கப்பூர்), 7:42: செந்தில், நீ கூகுள் டிரைவில் போட்ட வம்சாவளி ஃபைலை நேற்று இறக்கி, நம் வம்சாவளி மென்பொருளான கிராம்ப்ஸில் ஏற்றினேன். மொத்தம் 298 பேர்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு நான் மூடும்போது 312.

செந்தில் (பெங்களூரு), 7:50: நான் யாரையும் அழிக்கவில்லை அக்கா. மூன்று பேருக்கு இறந்த தேதி போட்டேன், ஒரு கல்யாணத்தைச் சேர்த்தேன். அவ்வளவுதான்.

மாலதி, 7:51: நீ வேலை பார்த்தது எந்த ஃபைலில்?

செந்தில், 7:53: வெள்ளிக்கிழமை இறக்கியது. ஞாயிறு சாயங்காலம் அதே பெயரில் திரும்ப ஏற்றினேன்.

மாலதி, 7:58: அதுதான் விஷயம். அத்தையின் நோட்டிலிருந்து அந்த 14 பேரை நான் சனிக்கிழமைதான் சேர்த்தேன். உன் ஃபைல் என் ஃபைலின் மேல் உட்கார்ந்துவிட்டது. அது தெரியாமல் நானும் நேற்று என் லேப்டாப்பில் இருந்த பழையதை நீக்கிவிட்டு உன்னுடையதை ஏற்றினேன். இப்போது இரண்டு பேரிடமும் 298.

கோமதி அத்தை, 8:04: மாலதி, தங்கமும் போய்விட்டதா?

மாலதி, 8:05: ஆமாம் அத்தை. இப்போதைக்கு இல்லை.

ரவி சித்தப்பா (கிள்ளான்), 8:09: தங்கம் யார் அக்கா?

கோமதி அத்தை, 8:17: தம்பி, நம் எல்லாருக்கும் மூத்தவள். பதினொரு நாள்தான் இருந்தாள். பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்ததாம், அதற்குள் போய்விட்டாள். பெயர் வைக்காவிட்டாலும் அம்மா தங்கம் என்றுதான் கூப்பிடுவாளாம். கடைசிக் காலத்தில் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் நோட்டில் எழுதி வைத்தேன். வேறு எங்கேயும் அவள் பெயர் கிடையாது. ரேஷன் கார்டில் இல்லை, கல்யாணப் பத்திரிகையில் இல்லை.

ரவி சித்தப்பா, 8:21: எனக்கு 66 வயதாகிறது. இப்படி ஓர் அக்கா இருந்தது இன்றைக்குத்தான் தெரியும்.

செந்தில், 8:24: அத்தை, மன்னித்துக்கொள்ளுங்கள். கண்டிப்பாக எடுத்துவிடலாம். கூகுள் டிரைவில் அதே ஃபைலை மாற்றி ஏற்றினால் முந்தைய பதிப்பு 30 நாள் வரை உள்ளேயே இருக்கும். கணினியில் ஃபைல் மேல் வலது கிளிக் செய்து, ஃபைல் விவரத்துக்குள் பதிப்புகளை நிர்வகிக்கும் இடத்துக்குப் போனால் பட்டியல் வரும். நான்கு நாள்தானே ஆகிறது. இதோ பார்க்கிறேன்.

செந்தில், 8:33: இருக்கிறது! சனி இரவு 11:40. இறக்கிவிட்டேன். இதை இப்போது இருப்பதன் மேல் இம்போர்ட் செய்யட்டுமா?

மாலதி, 8:34: வேண்டாம், வேண்டாம். நிறுத்து.

மாலதி, 8:41: அப்படிச் செய்தால் ஒரே ஆள் இரண்டு தடவை வந்து நிற்க வாய்ப்பு இருக்கிறது. போன வருஷம் சித்தப்பா தன் மென்பொருளிலிருந்து ஜெட்காம் என்ற பொது வடிவத்தில் அனுப்பிய ஃபைலை அப்படித்தான் உள்ளே விட்டோம். நம் ஃபைலில் இருந்த ஆட்களும், அவர் ஃபைலிலிருந்து வந்த அதே ஆட்களும் தனித்தனியாக நின்றார்கள். ஒன்றுசேர்க்கும்போது பெயரைப் பார்த்து நீ இரண்டு சுப்பையாவை ஒருவராக்கிவிட்டாய். நினைவிருக்கிறதா?

கோமதி அத்தை, 8:46: நம் வீட்டில் சுப்பையா மூன்று பேர். கிணற்றடி வீட்டு சுப்பையா, பர்மா சுப்பையா, அப்புறம் அவர் பேரன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வீட்டில் பெயரை மட்டும் பார்த்தால் எப்படித் தெரியும்? பர்மாக்காரர் 1942-இல் அஸ்ஸாம் வழியாக நடந்தே வந்தவர். கிணற்றடிக்காரர் தாமிரபரணியைத் தாண்டியது கிடையாது.

மாலதி, 8:49: அதைத்தான் அத்தை, இப்போது பட்டப்பெயருக்கு என்று இருக்கும் இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். செந்தில், சனிக்கிழமை ஃபைலையே அடிப்படையாக வைத்துக்கொள்வோம். நீ ஞாயிறு செய்தது நான்கே மாற்றம். அதைக் கையால் திரும்பப் போடு, பத்து நிமிஷ வேலை. பெரிய வேலை இருக்கும் பிரதியை வைத்துக்கொண்டு சின்னதைத் திரும்பச் செய்வதுதான் பத்திரம்.

செந்தில், 8:50: சரி அக்கா. புதுக் கொடிவழி ஒன்று திறந்து அதில் ஏற்றுகிறேன். இப்போது இருப்பதைத் தொடமாட்டேன்.

ரவி சித்தப்பா, 8:55: மாலதி, என் ஜெட்காமில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாக வந்தது என்றாயே, படமும் வரவில்லை என்றாய். அது என் கணினியின் கோளாறா?

மாலதி, 9:03: கோளாறு இல்லை சித்தப்பா. ஜெட்காம் 1984-இல் வந்த முறை. பெரும்பாலான வம்சாவளி மென்பொருள்களுக்கு இடையே கொண்டுபோகலாம், அதுதான் அதன் பலம். ஆனால் உங்கள் மென்பொருள் பழையது. சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற, எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால்தான் தமிழ் எழுத்து தங்கும். படத்தைப் பொறுத்தவரை, அது எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் அந்த ஃபைலில் போகும், படம் போகாது. கிராம்ப்ஸிலிருந்து கிராம்ப்ஸுக்கு என்றால் ஜிபிகேஜி என்று ஒரு வகை இருக்கிறது, படத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும்.

ரவி சித்தப்பா, 9:06: ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே? இலவசம்தான். ஃபோனில் திறந்தாலும் கணினியில் திறந்தாலும் ஒன்றுதான்.

மாலதி, 9:12: உண்மைதான். ஆனால் அங்கே உலகத்துக்கே சேர்த்து ஒரே மரம். இறந்தவர்களின் பதிவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். முன்பின் தெரியாத ஒருவர் வந்து நம் மூன்று சுப்பையாவையும் ஒன்றாக்கினால்?

கோமதி அத்தை, 9:14: வேண்டாம். குழந்தைகளின் பிறந்த தேதியும் எங்கேயோ போய் உட்கார வேண்டாம்.

செந்தில், 9:20: அத்தை, கிராம்ப்ஸ் வெப் என்று ஒன்று இருக்கிறது. நாமே சின்னதாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். கடவுச்சொல் உள்ளவர்கள் மட்டும்தான் உள்ளே வர முடியும். நீங்கள் ஃபோனிலேயே பார்க்கலாம். சிலருக்குப் பார்க்க மட்டும், சிலருக்குச் சேர்க்க மட்டும், சிலருக்குத் திருத்தவும் என்று பிரித்து அனுமதி கொடுக்கலாம். எல்லாரும் ஒரே இடத்தில் எழுதுவதால் ஃபைல் மேல் ஃபைல் விழாது. இந்த மாதக் கடைசியில் அமைத்துத் தருகிறேன்.

மாலதி, 9:24: அதுவரை மூலப் பிரதி என்னிடம் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் திருத்தத்தை இந்தக் குழுவில் எழுதுங்கள், நான் போடுகிறேன். ஃபைல் பெயரிலேயே தேதியும் நேரமும் இருக்கும். பழையதன் பெயரில் புதியதை ஏற்றவே கூடாது. கிராம்ப்ஸை மூடும்போது தானாக பேக்கப் எடுக்கும் அமைப்பையும் இப்போதுதான் போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டும்.

கோமதி அத்தை, 9:27: செந்தில், தாத்தா இறந்ததற்கு நீ இங்கிலீஷ் தேதி போட்டாயாமே. எங்கிருந்து எடுத்தாய்? எங்களுக்குத் தெரிந்தது ஆனி மாதம் வளர்பிறை தசமி. அந்தத் திதியில்தான் கொடுக்கிறோம்.

செந்தில், 9:31: வருஷத்தை வைத்து நானே கணக்கிட்டேன் அத்தை. கிராம்ப்ஸில் தமிழ் நாட்காட்டி கிடையாது. ஆனால் தேதிக்குப் பதிலாக எழுத்தாகவே போட இடம் இருக்கிறது. நீங்கள் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

செந்தில், 9:52: நான்கும் போட்டாயிற்று அக்கா. புதிய பெயரில் ஏற்றியிருக்கிறேன், பழையது அப்படியே இருக்கிறது.

மாலதி, 10:05: இறக்கிப் பார்த்தேன். 312. அத்தை, படம் அனுப்புகிறேன், பாருங்கள்.

மாலதி, 10:06: (படம்)

கோமதி அத்தை, 10:15: கண்ணாடி போட்டுப் பார்த்தேன். தங்கத்தை ரவிக்குக் கீழே கடைசியில் போட்டிருக்கிறாய். அவள்தான் எல்லாருக்கும் மூத்தவள், மேலே ஏற்று.

மாலதி, 10:17: நாள் தெரியாததால் கடைசியாகச் சேர்த்துவிட்டேன் அத்தை. இதோ.

மாலதி, 10:19: (படம்)

ரவி சித்தப்பா, 10:22: அக்கா, அந்த நோட்டில் அவளைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

கோமதி அத்தை, 10:24: விடியட்டும் தம்பி. ராத்திரி விளக்கில் பென்சில் எழுத்து தெரியாது.