தேவிபட்டினம் கடலோரத்தில் காந்தமானி: இசட் கூறு ஏன் இப்படி ஆடுகிறது?

கேள்வி:
தேவிபட்டினம் பக்கம், கடலிலிருந்து 400 மீட்டர் தள்ளி ஒரு பனந்தோப்பில் ஆர்எம்3100 சென்சார் புதைத்திருக்கிறோம். வினாடிக்கு ஒரு பதிவு. பூமியின் காந்தமண்டலத்திலிருந்து வரும் பிசி3 (10–45 வினாடி அலைவுநேரம்), பிசி5 (150–600 வினாடி) காந்தப்புலத் துடிப்புகளைப் பிடிக்க வேண்டும். ஆனால் கிடைக்கூறு எச் ஆடும்போதெல்லாம் செங்குத்துக் கூறு இசட்டும் பலமாக ஆடுகிறது. சென்சார் சாய்ந்துவிட்டதா?

மறுமொழி 1:
சாய்வு இல்லை சார், கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். இங்கே மொத்தக் காந்தப்புலம் 40 ஆயிரம் நானோடெஸ்லாவுக்கு (புலத்தை அளக்கும் அலகு) சற்று மேல். கிட்டத்தட்ட முழுக்கக் கிடையாகவே இருக்கிறது. ஒரு பாகை சாய்ந்தால் இசட்டின் அளவு 700 தள்ளிப்போகும். ஆனால் எச் 100 ஆடும்போது இசட்டில் 1.7தான் ஏறும்.

இது கடலின் வேலை. வெளியே புலம் மாறும்போது உப்புநீரில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. இலங்கைக்கும் நமக்கும் இடையே பாக் நீரிணையில் அது நெருக்கிக்கொண்டு பாய்கிறது. கடலடிப் பாறையிலும் கடத்தும் பகுதி உண்டு என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இசட்டை எச்சால் வகுத்து, அலைவுநேரம் வாரியாக வரைந்து பாருங்கள். சாய்வென்றால் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம். தூண்டல் என்றால் விகிதமும், கட்டமும் (ஒரு அலை மற்றதற்கு எவ்வளவு முந்தியோ பிந்தியோ ஆடுகிறது என்பது) மாறும். துடிப்புக்கு எச்சை எடுங்கள்; இசட்டை அழித்துவிடாதீர்கள், கடலடியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அருமையான தரவு அது.

மறுமொழி 2:
சென்சாரின் சுழற்சி எண்ணிக்கை (ஒரு அளவீட்டுக்கு எத்தனை சுழற்சி எண்ண வேண்டும் என்ற அமைப்பு, cycle count) 200 என்றால், அது காட்டும் மிகச் சிறிய படியே 13 நானோடெஸ்லா. அதை 400 ஆக்கி, வினாடிக்குள் 60 அளவீடு எடுத்துச் சராசரி போடுங்கள். இரைச்சல் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். காந்தப்புயலின் திடீர்த் தொடக்கமும் பெரிய பிசி5உம் அதில் தெரியும். ஒரு நானோடெஸ்லாவுக்கும் குறைந்த பிசி3க்கு இதைவிட நுட்பமான ஃப்ளக்ஸ்கேட் வகைக் காந்தமானிதான் வேண்டும்.

சென்சாரைப் புதைக்க ஒரு மீட்டர் ஆழம், பிவிசி குழாய், காந்தம் ஒட்டாத பித்தளை அல்லது நைலான் திருகு. தோண்டிய மணலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். கருமணல் நிறைய ஒட்டினால் இடத்தை மாற்றுங்கள்: கச்சான் காற்றில் மணல் நகர்ந்தால் அளவீட்டின் அடிப்படை மதிப்பும் நகரும். சென்சார் தரவை அனுப்பும் ஐ2சி இணைப்பு நீளக் கம்பியில் தடுமாறும், இரு முனையிலும் எக்ஸ்டெண்டர் (சிக்னலை வலுவாக்கும் சிப்) போடுங்கள்.

மறுமொழி 3:
தரவை வடிகட்டும் முன் அதிலுள்ள கூர்முனைகளை (திடீர்க் குதிப்புகளை) நீக்குங்கள். 10 மீட்டரில் ஒரு கார் போனாலே சில பத்து நானோடெஸ்லா குதிக்கும். அந்தக் குதிப்பு 10–45 வினாடி வடிகட்டிக்குள் போனால் மணி அடித்ததுபோல் அதிர்ந்து, அசல் பிசி3 மாதிரியே வெளியே வரும். அதே நேரத்தில் திருநெல்வேலி காந்தப்புல ஆய்வு நிலையப் பதிவிலும் இருக்கிறதா என்று ஒப்பிடாமல் எதையும் துடிப்பு என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று: உங்கள் ஊரில் உச்சிப்பொழுது சுமார் 12:15. அந்நேரம் எச் மெல்ல ஏறி இறங்குவது 105 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் நடுக்கோட்டு மின்தாரையால் (காந்த நடுக்கோட்டை ஒட்டி வளிமண்டலத்தில் பாயும் மின்னோட்டம்). அதைக் கழித்த பிறகே பிசி5ஐத் தேடுங்கள்.