தீர்ப்பு வாசிக்க மாணவரா, மெஷினா?

வெள்ளவத்தையான்: இலங்கை உயர் நீதிமன்றத்தின் அடிப்படை உரிமைத் தீர்ப்புகள் சில நூறைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, மனு வென்றதா, காலம் கடந்ததா, நட்டஈடு எவ்வளவு என்று அட்டவணை எடுத்தேன். மாணவர்கள் மாதக்கணக்கில் இருந்து செய்யும் வேலை, இரண்டு நாளில் முடிந்தது. இனி ஆள் வைத்து வாசிப்பது வீண்.

புதுக்கடைக் கோப்பு: நீங்கள் பகிர்ந்த அட்டவணையில் ஒரு வரிசையைத் தீர்ப்போடு ஒப்பிட்டேன். சம்பவம் ஜனவரியில், மனு ஏப்ரலில். மெஷின் ‘காலம் கடந்தது’ என்று போட்டிருக்கிறது. மனுப் போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது, உண்மை. ஆனால் மனுதாரர் அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போயிருக்கிறார். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு: அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. நீதிமன்றமே அதைச் சொல்லி ஆட்சேபனையைத் தள்ளியிருக்கிறது!

வெள்ளவத்தையான்: அண்ணா, இதை முதல் வருஷ மாணவனும் கோட்டை விடுவான். கேள்வியைத் திருத்திவிட்டேன். நீதிமன்றம் ஆட்சேபனையை ஏற்றதா, எந்த வரியில் என்று கேட்டால் சரியாக வருகிறது.

புதுக்கடைக் கோப்பு: வரியையும் அதுவே இட்டுக்கட்டினால்? 2023இல் நியூயோர்க்கில் சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய, இல்லாத வழக்குகளைக் காட்டிய சட்டத்தரணிகள் 5,000 டொலர் தண்டம் வாங்கினார்களே.

வெள்ளவத்தையான்: அது வழக்கைத் தேடித் தரச் சொன்ன கதை. நான் தீர்ப்பையே கையில் கொடுக்கிறேன். தந்த வரி பிடிஎஃப்பில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

கப்பா அக்கா: சண்டையை விடுங்கள் தம்பிமாரே. மெஷினின் பதிலைப் பார்க்காமல் நீங்கள் இருவரும் 50 தீர்ப்பைத் தனித்தனியே குறியுங்கள். பிறகு மூன்றையும் இரண்டிரண்டாக ஒப்பிட்டுக் கோஹன் கப்பா போடுங்கள்; தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்து, இருவர் குறிப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் அளவு அது. வெறும் சதவீதம் ஏமாற்றும்: 100இல் 90 தள்ளுபடி என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ‘தள்ளுபடி’ எழுதியவனும் 90 எடுப்பான். அப்புறம், ‘வெல்லும் வீதம்’ என்று மட்டும் தலைப்புப் போடாதீர்கள். தொடர்ந்து நடத்த அனுமதி கிடைக்காத மனுக்களில் பெரும்பாலானவை தீர்ப்பாக வெளிவருவதே இல்லை. அவற்றை யார் வாசிப்பது?

வெள்ளவத்தையான்: அக்கா சொன்னது சரி, தலைப்பை மாற்றுகிறேன். 50க்கும் சம்மதம்.

புதுக்கடைக் கோப்பு: நானும் வருகிறேன். ஆனால் நட்டஈட்டு நிரலை முழுக்கக் கையால்தான் பார்ப்பேன். அரசு கட்ட வேண்டியதையும் பொலிஸ்காரர் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டியதையும் ஒன்றாகக் கூட்டி வைத்திருக்கிறது உங்கள் மெஷின்.