சம்ப் பேக்கிங் மாற்றியும் ஆயில் கசிகிறது

கேள்வி:
அப்பா ஓட்டிய 2003 மாடல் பெட்ரோல் கார். ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் கறை. மாதம் கால் லிட்டர் ஆயில் ஊற்றுகிறேன். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பின் பேக்கிங்கை (இணைப்பில் கசியாமல் அடைக்கும் பட்டை) மாற்றியும் நிற்கவில்லை. விற்க மனசு வரவில்லை. வேறு எங்கே பார்ப்பது?

பதில்:
சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ஆயில் மேலிருந்து வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் கசிவு எங்கிருந்தாலும் சம்ப் நனைந்திருக்கும். எஞ்சினை டிகிரீசர் போட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் முகப் பவுடர் தூவி, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எஞ்சின் ஆறியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்ததில் ஆக உயரமான இடம்தான் கசிவு. பழைய வண்டியில் என் முதல் சந்தேகம் எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங். சூட்டில் ரப்பர் கல்லாகிவிடும்.

மற்றொரு பதில்:
ஆயில் பிரஷர் சுவிட்சையும் ஈரமா என்று தொட்டுப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பிசிவி வால்வு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கும் கசியும்.

கேட்டவர்:
பவுடர் போட்டுப் பார்த்தேன். டேப்பட் கவரின் பின்மூலையில் ஈரம், அங்கிருந்து கீழே ஒரே கோடு! சனிக்கிழமை பேக்கிங் மாற்றுகிறேன். பிசிவி வால்வையும் கழற்றிப் பார்த்துவிடுகிறேன். ரொம்ப நன்றி.