கிகுயு என்பது ஊரா, இனமா? உரைக்கு உதவி வேண்டும்

செந்தூல் வாசகி:
கென்யாவில் நைரோபிக்குப் பக்கத்திலுள்ள கிகுயு பற்றி வாசகர் வட்டத்தில் 20 நிமிடம் பேச வேண்டும். ஊருக்கும் இனத்துக்கும் ஒரே பெயர், குறிப்பெடுக்கும்போதே குழம்புகிறது. மிஷனரி வரலாறு, இன அடையாளம் இரண்டையும் எங்கே முடிச்சுப் போடலாம்?

பட்டர்வொர்த்காரன்:
முதலில் பெயரைப் பிரித்துவிடுங்கள். அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஏறக்குறைய 'கேகோயோ' என்று ஒலிக்கும். 'கிகுயு' சுவாஹிலி வழி வந்தது. ஊருக்குக் கிகுயு, மக்களுக்குக் கேகோயோ என்றால் யாரும் தடுமாற மாட்டார்கள். நைரோபியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர், கோலாலம்பூரிலிருந்து சுபாங் ஜெயா போகிற தூரம்தான். ஊரை ஒட்டியே தோகோட்டோ. ஸ்காட்லாந்து மிஷன் 1898ல் அங்கே வந்தது. 'ஸ்காட்' என்பதுதான் உள்ளூர் வாயில் அப்படித் திரிந்ததாம். 1908ல் மருத்துவமனை, 1926ல் அலையன்ஸ் ஆண்கள் பள்ளி, 1948ல் பெண்கள் பள்ளி. இதை ஒரே ஸ்லைடில் முடியுங்கள், ஆண்டுகளை அடுக்கினால் கூட்டம் தூங்கிவிடும்.

ஜாலான் ஈப்போ:
முடிச்சு 1929ல் இருக்கிறது. பெண் விருத்தசேதனத்தை, அதாவது பெண்ணுறுப்பின் பகுதியை வெட்டும் சடங்கை, கைவிடுவதாக மிஷன்கள் சபையாரிடம் உறுதி கேட்டன. எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். கைநாட்டுக்கு அவர்கள் மொழியில் 'கிரோரே'. மிஷன் பக்கம் நின்றவர்களுக்கே அது பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. மறுத்தவர்கள் திரளாகச் சபையை விட்டார்கள், படிப்பை விடவில்லை. சொந்தப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டார்கள். 'வெள்ளைக்காரன் வந்தான், பண்பாடு அழிந்தது' என்று பேசினால் இந்த இடம் நழுவிவிடும். பின்னாளில் கென்யாவின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டாவையே பாருங்கள்: தோகோட்டோ மிஷனில் படித்து 1914ல் ஞானஸ்நானம் பெற்றவர், 1938ல் தன் மானுடவியல் நூலில் அதே சடங்குக்காக வாதாடினார். 2011 சட்டப்படி கென்யாவில் அது குற்றம் என்பதையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கேள்வி நேரம் முழுக்க அதிலேயே கரையும்.

செந்தூல் வாசகி:
நன்றி. கிகுயுவில் நடந்த 1913 மிஷன் மாநாடு தேவையா? கேகோயோ மக்களின் புனித மரம் அத்தியா, ஆலா?

பட்டர்வொர்த்காரன்:
மாநாட்டுக்கு ஒரு நிமிடம் போதும். ஆங்கிலிக்கன் உட்பட வெவ்வேறு புராட்டஸ்டண்ட் மிஷன்கள் கூடிப் பேசி, கடைசியில் சபை வேறுபாடு பாராமல் சேர்ந்து நற்கருணை (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) எடுத்தன. மற்ற சபையாரோடு அப்படிச் சேர்ந்ததில் சான்சிபாரின் ஆங்கிலிக்கன் பிஷப் கொதித்துப்போனார், சண்டை இங்கிலாந்துவரை போயிற்று.

மரத்தின் பெயர் 'மோகுமோ'. அத்தி இனம்தான், வளர்கிற விதம் நம் ஆல்: பறவை எச்சத்தில் விழும் விதை பெரும்பாலும் வேறொரு மரத்தின்மேல் முளைத்து, வேரைக் கீழே இறக்கும். இனப்பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'மோகோயோ' வேறு அத்தி. படம் போடும்போது இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.