கியூபிசத்திடமிருந்து பின்னால் வந்தவர்கள் எதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்?

மூன்றாம்தளம் (கேள்வி)

பிக்காசோவும் பிராக்கும் பாரிசில் தொடங்கிய கியூபிசம் என்ற நவீன ஓவிய இயக்கம் பற்றி எதை எடுத்துப் படித்தாலும் "ஒரே பொருளைப் பல கோணங்களில் காட்டினார்கள், அதனால் எல்லாம் மாறியது" என்று முடித்துவிடுகிறார்கள். டச்சு ஓவியர் மோந்திரியானின் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களில் பல கோணமும் இல்லை, பொருளும் இல்லை. ரஷ்யக் கலைஞர் தாத்லினின் தகரம், கம்பி வேலைகளிலும் அப்படித்தான். அப்படியானால் பிக்காசோவிடமும் பிராக்கிடமும் இவர்கள் கற்றது என்ன?

கூடவே ஒரு நடைமுறைச் சந்தேகம். ஓவிய மாணவர்களுக்கு, 1912இல் கியூபிஸ்டுகள் செய்ததுபோல் படத்தில் தாள் ஒட்டும் பயிற்சி வைக்க வேண்டும். செய்தித்தாளை ஒட்டினால் அலையலையாக எழும்புகிறது, கொஞ்ச நாளில் பழுத்தும் போகிறது. என்ன வழி?

கரிக்கோடு

கோணங்களை எண்ணுவதை விட்டுவிட்டு விளிம்புகளைப் பாருங்கள். முந்தைய தலைமுறைப் பிரெஞ்சு ஓவியர் செசான் இறந்த மறு ஆண்டு, 1907 இலையுதிர் காலத்தில், பாரிசில் அவருடைய படைப்புகள் பெரிய அளவில் காட்சிக்கு வந்தன. மலைச்சரிவு வானத்தைத் தொடும் இடத்தில் அவர் கோட்டை முழுதாக மூடமாட்டார். அந்தத் திறப்பு வழியாக முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றுக்குள் ஒன்று கசியும். 1908இல் தென் பிரான்சின் லெஸ்தாக்கில் பிராக் வரைந்த வீடுகள் இதை எடுத்துக்கொண்டு நேராக மேலே போகின்றன. அந்த நவம்பரில் ஓவிய வணிகர் கான்வைலரின் காட்சிக்கூடத்தில் அவற்றைப் பார்த்த விமர்சகர் வோசெல் கனசதுரங்கள் என்று கேலி செய்தார். கியூபிசம் என்ற பெயர் அங்கே பிறந்தது. கேலியில் கனசதுரம் மட்டும் நிலைத்தது, திறந்த விளிம்பை யாரும் பேசவில்லை.

பிராக், பிக்காசோவின் 1910, 1911 படங்களில் ஒரு சின்னத் தளம், அதாவது உருவம் உடைந்து வந்த ஒரு தட்டைத் துண்டு, எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு விளிம்பு அழுத்தமான இருட்டு. அங்கிருந்து எதிர்ப்பக்கம் போகப்போக வெளுத்து, பக்கத்துத் தளத்தில் கரைந்துவிடும். அடுத்த தளத்தில் ஒளி வேறு திசையிலிருந்து வரும். வண்ணம் மஞ்சள் காவி, பழுப்பு, கறுப்பு, வெள்ளை. அதற்குமேல் அதிகம் இல்லை. சிவப்பையோ நீலத்தையோ வைத்தால் கண் அதை உடனே ஒரு பொருளோடு சேர்த்துவிடும். சூடான நிறம் முன்னால் வரும், குளிர்ந்தது பின்வாங்கும். ஒழித்த ஆழம் திரும்பி வந்துவிடும்.

மாணவர்கள் தவறுவதும் இங்கேதான். எல்லாத் தளத்தையும் நான்கு பக்கமும் கோடு போட்டு மூடி, ஒரே அளவில் வெட்டி, உள்ளே நிறம் நிரப்புவார்கள். கிடைப்பது சர்ச் ஜன்னல் கண்ணாடி. தளங்கள் நடுவில் சின்னதாக, நெருக்கமாக இருக்க வேண்டும். ஓரத்துக்குப் போகப்போகப் பெரிதாகி அவிழ வேண்டும். அப்போது மூலைகள் வெறுமையாக நிற்கும். பிராக்கும் பிக்காசோவும் அடிக்கடி நீள்வட்டக் கான்வாஸுக்குப் போனது பெரும்பாலும் இந்தத் தொல்லையால்தான்.

இனி மோந்திரியான். 1911 முடிவில் பாரிஸ் வந்து 1914 வரை இருந்தவர். அங்கே அவர் கண்டது முன்னும் பின்னும் இல்லாத, ஒரே பரப்பாக விரியும் கோட்டு வலை. மரங்களை வைத்துத் தொடங்கினார். கிளைகளின் வளைவுகள் படம் படமாக நேராகிக்கொண்டே போய், 1915இன் கடல்துறைப் படத்தில் குறுக்கும் நெடுக்குமான சிறு கோடுகள் மட்டும் ஒரு நீள்வட்டத்துக்குள் மிஞ்சின. கியூபிஸ்டுகள் தங்கள் கண்டுபிடிப்பைக் கடைசி வரை கொண்டுபோகவில்லை என்பது அவர் குறை. அவர்கள் கிதார் மாதிரியான பொருளை விடவில்லை, இவர் விட்டார்.

தாளும்பசையும்

கேள்வியில் தாத்லின் பற்றிய பாதிக்கு 1912ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஒரு சின்ன நீள்வட்டக் கான்வாஸில் ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டினார். செப்டம்பரில் தென் பிரான்சின் சோர்க் ஊரில் இருந்த பிராக், பக்கத்து அவிஞ்ஞோன் நகரக் கடையில் மரவரி அச்சிட்ட வால்பேப்பர் வாங்கி, மூன்று துண்டு ஒட்டி, மேலே கரியால் பழத்தட்டும் கண்ணாடிக் கோப்பையும் வரைந்தார். முதல் பாப்பியே கொலே (தாள் ஒட்டுப்படம்) இதுதான்.

பிராக் வீட்டுச் சுவர் அலங்கார வேலை பழகியவர். ஈர வண்ணத்தில் சீப்பு இழுத்து மரவரி கொண்டுவருவது, ஸ்டென்சிலில் எழுத்து அடிப்பது, வண்ணத்தில் மணல் கலப்பது எல்லாம் அந்தத் தொழிலின் கைப்பழக்கம். பிக்காசோ அதே சீப்பால் தலைமுடியும் மீசையும் போட்டார்!

அந்த பாப்பியே கொலேயில் கவனிக்க வேண்டியது, கரிக்கோடு தாளின் வெட்டு விளிம்போடு சேர்வதே இல்லை. பழுப்பு ஓரிடத்தில், பொருளின் உருவம் வேறிடத்தில். நிறமும் வடிவமும் தனித்தனியாகப் பிரிந்தன. பாரிசின் போம்பிதூ மையத் தொகுப்பில் உள்ள பிக்காசோவின் 1912 வயலின் ஒட்டுப்படம் இன்னும் துணிச்சலானது. ஒரே செய்தித்தாளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள். ஒன்று வயலினின் உடல். மற்றதைத் திருப்பி ஒட்டியிருக்கிறார். அது பின்னணி வெளி. ஒரே தாள், ஒரே அச்சு, இடம் மாறியதும் வேலை மாறிவிட்டது.

அதே மாதங்களில் அட்டை, நூல், கம்பியால் ஒரு கிதார் செய்தார். 1914இல் அதைத் தகரத்தில் செய்தார். அதுவரை சிற்பம் என்றால் செதுக்குவது, பிசைவது, வார்ப்பது. இது வெட்டி, மடித்து, கோத்தது, உள்ளே காற்று. கிதாரின் ஓட்டை குழிவாக இல்லை, குழாயாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. பிக்காசோவிடம் இருந்த ஆப்பிரிக்க கிரேபோ மக்களின் முகமூடியில் கண்கள் இப்படித்தான் உருளைகளாக நீண்டிருக்கும். இந்த மாதிரி வேலைகளைப் பாரிசில் பார்த்துவிட்டு மாஸ்கோ திரும்பிய தாத்லின், கிதார் என்ற சாக்கையும் தூக்கிப்போட்டார். இரும்பு இரும்பாக, கம்பி கம்பியாக, அறை மூலையில் இழுத்துக் கட்டப்பட்டது. பொருட்களைக் கோத்துக் கட்டுவதையே கலையாகக் கொண்ட ரஷ்யக் கட்டமைப்புவாதம் அங்கிருந்து புறப்படுகிறது.

வெண்சுண்ணம்

மேலே சொன்னவை சரி, ஆனால் இருவரை மட்டும் வைத்துக் கதை சொல்வது பழைய பழக்கம். பாரிசின் சலோன் தே அந்தெபாந்தான் என்ற ஓவியக் கண்காட்சியில், 1911இல், 41ஆம் அறையில் கூட்டத்தை அதிரவைத்தவர்கள் மெட்சாங்ஜே, கிளேஸ், லெஜே, திலோனே, ல ஃபோகோனியே. பிக்காசோவும் பிராக்கும் அங்கே இல்லை. கியூபிசம் பற்றிய முதல் நூலை 1912இல் எழுதியது கிளேஸும் மெட்சாங்ஜேயும். ரஷ்ய ஓவியர்கள் பாப்போவாவும் உதால்த்சோவாவும் பாரிசில் படித்தது ல ஃபோகோனியே, மெட்சாங்ஜே சொல்லிக்கொடுத்த பள்ளியில். இன்னொரு பக்கம், மாஸ்கோவில் ஓவியச் சேகரிப்பாளர் ஷூக்கின் வீட்டில் சுமார் 50 பிக்காசோக்கள். ரஷ்ய ஓவியர் மாலெவிச்சின் கறுப்புச் சதுரம் 1915இல் வானத்திலிருந்து விழவில்லை.

நம் பக்கம் கேட்டால், 1920களில் கல்கத்தாவில் ககனேந்திரநாத் தாகூர் உடைந்த தளங்களைப் பொருளைப் பிரித்துப் பார்க்க அல்ல, ஒளிக்கும் மர்மத்துக்கும் பயன்படுத்தினார். 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு'வின் ஜார்ஜ் கீட், பக்கவாட்டு முகத்தையும் நேர் முகத்தையும் ஒரே மூடிய கோட்டில் சேர்த்தார்.

கியூபிசம் ஐன்ஸ்டைனிடமிருந்து வந்தது என்ற கதையை யாராவது இழுக்கும் முன்: கியூபிஸ்டு வட்டாரம் பேசிய நான்காம் பரிமாணம் வடிவ கணிதத்திலிருந்து வந்தது, சார்பியலிலிருந்து அல்ல.

மூன்றாம்தளம்

விளிம்பு விஷயம் தெளிவாயிற்று, நன்றி. பசை?

தாளும்பசையும்

அலை எழும்பக் காரணம்: ஈரத்தில் தாள் இழைக்குக் குறுக்காக விரிகிறது, காயும்போது சுருங்கி அடித்தாளை இழுக்கிறது. அடித்தாள் 300 ஜிஎஸ்எம்முக்குக் குறையக் கூடாது. செய்தித்தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் கிழித்துப் பாருங்கள், நேராகக் கிழிபடும் திசைதான் இழை. அதை அடித்தாளின் இழையோடு ஒரே திசையில் வையுங்கள். பசை தடவி இரண்டு மூன்று நிமிடம் விட்டு, தாள் விரிந்து முடித்தபின் ஒட்டி, நடுவிலிருந்து வெளியே நீவுங்கள். மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் ஒற்றுத்தாள், கனமான பலகை. அரை மணியில் ஒற்றுத்தாளை மாற்றி, இரவு முழுதும் அழுத்தத்திலேயே விடுங்கள். அப்படியும் வளைந்தால் அடித்தாளின் பின்பக்கம் அதே அளவு தாள் ஒன்றை ஒட்டினால் இழுப்பு சமனாகும்.

பசைக்கு மீத்தைல் செல்லுலோஸ், 100 மி.லி. தண்ணீருக்கு 4 கிராம், ஒரு இரவு ஊற வேண்டும். மைதா பசையும் பிடிக்கும், ஆனால் ராமபாணப் பூச்சி வரும். அதற்காக மயில்துத்தம் கலக்காதீர்கள். விஷம், தாளையும் அரிக்கும்.

பழுப்பது மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளால். நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். 1912 ஒட்டுப்படங்களில் பலவும் இன்று பழுப்பேறித்தான் நிற்கின்றன. ஒட்டிய அன்று அந்தத் தாள்கள் இன்னும் வெளுப்பாக இருந்தன, கரியோடு முரணும் கூடுதல். மாணவர்கள் அந்தப் பழுப்பையே பாணி என்று நினைத்துத் தேநீரில் நனைப்பார்கள், அப்படிச் செய்ய விடாதீர்கள். செய்தித்தாளை ஸ்கேன் செய்து அமிலமற்ற தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். இங்க்ஜெட் பசை பட்டால் ஓடும்.

வழவழப்பான வால்பேப்பரில் கரி பிடிக்காது. 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் குண்டூசியால் குத்தி, நகர்த்திப் பாருங்கள். பிக்காசோவும் அப்படிச் செய்தவர்தான். பயிற்சிக்கு ஒரே விதி வைத்தால் போதும்: மூன்று துண்டுத் தாள், கரிக்கோடு எந்த வெட்டு விளிம்பையும் பின்தொடரக் கூடாது.