ஆன்சன் பிரபுவின் படம்: நேரில் பார்த்த அனுபவம்

லண்டனில் இருந்த வருடம், பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சுப்படங்கள் பார்க்கும் அறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போனேன். கேட்டது ஒரே படம்தான். ஓவியர் ரெனால்ட்ஸ் தீட்டிய ஆன்சன் பிரபுவின் ஓவியத்தை டப்ளின்காரர் ஜேம்ஸ் மெக்கார்டெல் 1755இல் மெஸ்ஸோடின்ட் என்ற செப்புத் தகட்டு அச்சுப்படமாகச் செய்தது. ஆன்சன் அப்போது பிரிட்டிஷ் கடற்படையை நடத்திய அட்மிரால்டியின் தலைவர், கிட்டத்தட்ட கடற்படை அமைச்சர் மாதிரி.

திரையில் பலமுறை பார்த்த படம். ஆனால் தாளில் அந்தக் கறுப்பு வேறு, வெல்வெட் துணி போல இருந்தது. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் செப்புத் தகட்டின் ஓரம் காகிதத்தில் அழுந்திய தடம்கூடத் தெரிந்தது. இந்த முறையில் கோடு போட்டு வரைவதில்லை. பல் வைத்த ராக்கர் என்ற கருவியைத் தகடு முழுக்க எல்லாத் திசையிலும் ஆட்டி ஆட்டிச் சொரசொரப்பாக்குவார்கள், அப்படியே மை தடவி அடித்தால் தாள் முழுக்கக் கறுப்புதான், அப்புறம் வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த நெற்றியும் விக்கின் சுருளும் அப்படி வந்தவை.

அமைதியான முகம். எனக்கோ அவருடைய பழைய கடற்பயணம்தான் நினைவுக்கு வந்தது. 1740இல் ஆறு போர்க்கப்பல்களோடு கிளம்பி, 1743இல் மணிலாவுக்கு வெள்ளி கொண்டுபோன ஸ்பானியக் கப்பலைப் பிடித்து, 32 வண்டி நிறைய வெள்ளியோடு லண்டனுக்குள் வந்தார். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வழியிலேயே இறந்துவிட்டார்கள், பெரும்பாலும் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால். கிளம்பிய ஆட்களில் ஆன்சனின் சென்டூரியன் கப்பலில் ஊர் திரும்பியவர்கள் 188 பேர்தான். மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1753இல் ஸ்கர்வி பற்றிய தன் நூலை இந்த ஆன்சனுக்குத்தான் சமர்ப்பித்தார். எலுமிச்சையும் ஆரஞ்சும் குணப்படுத்துகின்றன என்று அதில் இருக்கிறது. அப்படியிருந்தும் எலுமிச்சைச் சாறு கொடுக்கக் கடற்படை முடிவெடுக்க 1795 ஆயிற்று. இதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை, அன்று வெகுநேரம் அந்தப் படத்தின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

*

நான் வேறொரு வாசகன், மேலே உள்ள அனுபவத்தைப் படித்ததும் எழுதத் தோன்றியது. இதே படத்தின் ஒரு பிரதி என் வீட்டில் இருக்கிறது. ஒரு பழைய படக் கடையில் அசல் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அசல்தான், ஆனால் தகடு தேய்ந்த பிறகு அடித்தது என்று யாரும் சொல்லவில்லை. அச்சு எந்திரத்தின் அழுத்தத்தில் சொரசொரப்பு மழுங்கிவிடும், நல்ல கறுப்பு முதலில் அடித்த தாள்களில்தான் கிடைக்கும். என்னிடம் இருப்பதில் அவர் மேலங்கியின் மடிப்பெல்லாம் சாம்பல் நிறம்.

அப்புறம் படித்துத்தான் தெரிந்தது, ஆன்சனுக்குப் பிரபு பட்டம் வாங்கித் தந்த, ஸ்பெயின் கரைக்கு அப்பால் நடந்த 1747 ஃபினிஸ்டர் கடற்போரில் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல்களில் சில இந்தியாவுக்குக் கிளம்பியவை. அப்போது சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கையில். அந்தப் போரில் தோளில் காயம்பட்ட ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவென்தான் மறுவருடம் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றார், 1749இல் சென்னையைத் திரும்பப் பெற்றுக்கொண்டவரும் அவரே. நான் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவன். படத்தை மாட்ட ஆணி அடித்தபோது இதெல்லாம் தெரியாது. கறுப்பு மங்கினால் மங்கட்டும், விற்கும் எண்ணம் இல்லை.